பழைய ராக் குழுவின் புதிய பாடல்கள்: ஆல்பம் முதலா, மேடை முதலா?

முப்பது, நாற்பது ஆண்டுகளாகச் சேர்ந்து வாசித்துவரும் ஒரு ராக் குழு. உறுப்பினர்கள் அறுபதைத் தொட்டுவிட்டார்கள் அல்லது தாண்டிவிட்டார்கள். கடைசி ஆல்பம் வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. ஆனால் கையில் ஓர் ஆல்பத்துக்குப் போதுமான புதிய பாடல்கள் இருக்கின்றன. அவற்றை எப்படி வெளியிடுவது, சுற்றுப்பயணத்தை அதையொட்டி எப்படி வகுப்பது என்ற கேள்வியை ரோலிங் ஸ்டோன்ஸ், யூ2, ஏசி/டிசி, கன்ஸ் அண்ட் ரோசஸ், தி கியூர் ஆகிய குழுக்கள் அண்மை ஆண்டுகளில் சந்தித்தன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு வழியில் போனது. அவ்வழிகளை ஒப்பிட்டுப் பார்த்ததில் எனக்குத் தோன்றும் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: புதிய பாடல்களை முதலில் மேடைக்குக் கொண்டுபோய், ஆல்பத்தைப் பின்னால் வெளியிட்ட தி கியூரின் வழியே இத்தகைய குழுவுக்கு மிகவும் பொருந்துவது. ஆனால் அதற்கு ஒரு முன்நிபந்தனை உண்டு. அதைக் கடைசியில் பார்க்கலாம்.

எழுபது, எண்பதுகளில் இந்தக் கேள்வியே எழவில்லை. ஆல்பம்தான் வருமானம், சுற்றுப்பயணம் அதற்கான விளம்பரம். பயணத்தில் நட்டம் வந்தாலும் இசைத்தட்டு நிறுவனம் முன்பணம் கொடுத்துத் தாங்கிக்கொண்டு, பிறகு விற்பனைப் பங்கில் கழித்துக்கொள்ளும். இன்று நிலைமை தலைகீழ். அமெரிக்காவில் கேட்கப்படும் இசையில் பத்தில் ஏழு பங்குக்கும் மேல் பதினெட்டு மாதங்களுக்கு முன் வெளியான பழைய இசைதான் என்று துறையின் கணக்குகள் சொல்கின்றன. பழைய குழு ஒன்றுக்கு இது ஒரே நேரத்தில் நல்ல செய்தியும் கெட்ட செய்தியும் ஆகும்: அவர்களுடைய பழைய பாடல்கள் அவர்களுக்குச் சோறு போடுகின்றன, அதே பழைய பாடல்கள்தான் அவர்களுடைய புதிய பாடல்களுக்கு முதல் போட்டி.

ஆல்பத்தை வெளியிட்டுவிட்டுப் பயணம் கிளம்பும் பழைய முறையை, பழைய முறைக்கே உரிய ஒழுங்கோடு செய்து காட்டியவர்கள் ரோலிங் ஸ்டோன்ஸ். 2005க்குப் பிறகு சொந்தப் பாடல்கள் கொண்ட ஆல்பம் எதையும் முடிக்க முடியாமல் இழுத்துக்கொண்டிருந்த அவர்கள், 2022 இறுதியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். கிறிஸ்துமஸை ஒட்டிப் பதிவைத் தொடங்கி, பிப்ரவரி 14க்குள் முடித்தாக வேண்டும் என்று பாடகர் மிக் ஜாகர் கெடு வைத்தார். ஆண்ட்ரூ வாட் என்ற இளைய தயாரிப்பாளர் அந்தக் கெடுவுக்கு வேலை வாங்கினார். 2023 அக்டோபர் 20 அன்று ‘ஹேக்னி டைமண்ட்ஸ்’ வெளிவந்தது. ஆறு மாதம் கழித்து, 2024 ஏப்ரல் 28 அன்று ஹூஸ்டனில் தொடங்கி ஜூலை 21 வரை, வட அமெரிக்காவில் 20 நிகழ்ச்சிகள். ஆல்பத்தின் பெயரே பயணத்தின் பெயர். இவ்வளவு இருந்தும் ஓர் இரவில் ஒலித்த புதிய பாடல்கள் மூன்று அல்லது நான்குதான். மீதி பெரும்பாலும் அறுபது, எழுபதுகளின் பாடல்கள். பயணத்துக்கு ஆல்பம் ஒரு பெயரையும் ஒரு காரணத்தையும் கொடுத்தது; பயணம் ஆல்பத்துக்குத் திருப்பிக் கொடுத்தது குறைவு.

இந்த முறையில் உள்ள பெரிய ஆபத்து இடைவெளி. ஏசி/டிசியின் ‘பவர் அப்’ 2020 நவம்பரில், பெருந்தொற்றின் நடுவே வெளிவந்தது. அதே பெயரில் அவர்கள் பயணம் கிளம்பியது 2024 மே மாதம், ஜெர்மனியின் கெல்சன்கிர்ஷன் நகரில். மூன்றரை ஆண்டுகளில் ஆல்பம் ஆறிப்போயிருந்தது. மேடையில் அதிலிருந்து இரண்டு பாடல்களோடு நிறுத்திக்கொண்டார்கள். பெருந்தொற்று எல்லாருக்கும் வந்ததுதான், அதை அவர்கள் மேல் சுமத்த முடியாது. ஆனால் வயதான குழுவுக்குப் பயணத்தைத் தள்ளிவைக்கும் காரணங்கள் பெருந்தொற்றோடு நின்றுவிடுவதில்லை. முதுகு, காது, மணிக்கட்டு, தொண்டை என்று ஏதாவது ஒன்று மறுபடி மறுபடி குறுக்கே வரும். 2016இல் செவித்திறன் கெட்டுவிடும் என்று மருத்துவர்கள் எச்சரித்ததால் பாடகர் பிரையன் ஜான்சன் நடுவழியில் விலக, அவர் இடத்தில் கன்ஸ் அண்ட் ரோசஸின் ஆக்ஸல் ரோஸ் வந்து பாடியதும் இதே ஏசி/டிசியில்தான். ஆல்பத்தின் வெளியீட்டு நாளோடு பயணத்தை இறுகக் கட்டிவைத்தால், ஒன்று சறுக்கும்போது இரண்டும் சறுக்கும்.

புதிய பாடலே இல்லாமல் பயணம் போவது மற்றொரு வழி. வணிகக் கண்ணோடு மட்டும் பார்த்தால் இதை வெல்ல எதுவும் இல்லை. ஒயாசிஸ் குழு 2025 ஜூலை 4 அன்று கார்டிஃபில் தொடங்கி நவம்பரில் சாவோ பாலோவில் முடித்த 41 நிகழ்ச்சிகளிலும் புதிதாக எதையும் வாசிக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. ரேடியோஹெட் 2025 இறுதியில் ஏழு ஆண்டு இடைவெளிக்குப் பின் மேடையேறியபோதும் கையில் புதிய ஆல்பம் இல்லை. ஆனால் அவர்கள் பயணத்தை வகுத்த விதம் கவனிக்கத்தக்கது: மாட்ரிட், போலோன்யா, லண்டன், கோபன்ஹேகன், பெர்லின் என்று ஐந்தே நகரங்கள், ஒவ்வொன்றிலும் நான்கு இரவுகள். லாரிகள் ஓடுவது குறைகிறது, உடலுக்கு ஓய்வு கிடைக்கிறது, நாள்தோறும் பாடல் வரிசையை மாற்ற முடிகிறது. புதிய பாடல்கள் கைவசம் உள்ள குழுவுக்கு இந்த வழி முழுமையான விடை ஆகாது. ஆனால் இதன் வரைபடத்தைத் தாராளமாகக் கடன் வாங்கலாம்.

ஒரே இடத்தில் தங்கி வாசிப்பதை அதன் எல்லை வரை கொண்டுபோனது யூ2. 2023 செப்டம்பர் 29 அன்று லாஸ் வேகாஸின் ஸ்ஃபியர் அரங்கைத் திறந்துவைத்து, 2024 மார்ச் 2 வரை அங்கே 40 இரவுகள் வாசித்தார்கள். முதுகு, கழுத்துப் பிரச்சினைகளுக்குச் சிகிச்சை பெற்றுவந்த லாரி மல்லன் வர இயலாமல் போக, டிரம்ஸில் பிராம் வான் டென் பெர்க் அமர்ந்தார். குழு ஊர் ஊராக அலையவில்லை. உலகம் முழுவதிலுமிருந்து ரசிகர்கள் விமானம் ஏறி வந்தார்கள். அலைச்சல் தாங்காத வயதில் இது பெரிய வசதி. ஆனாலும் புதிய இசைக்கு இதைவிட இறுக்கமான கூடு கிடையாது என்றே நினைக்கிறேன். தலைக்கு மேல் வளைந்து நிற்கும் அந்த மாபெரும் திரைக்கு ஒவ்வொரு பாடலுக்கும் முன்கூட்டியே காட்சிகள் தயாரித்தாக வேண்டும். அந்தச் செலவு செய்தபின் பாடல் வரிசையை மாற்ற யாருக்கும் மனம் வராது. யூ2 அங்கே வாசித்தது 1991ஆம் ஆண்டு ஆல்பம் ஒன்றை முழுமையாக. அதனுடன் மற்ற பழைய பாடல்கள். புதிதாக, ஆல்பத்தில் சேராமல் தனியே வெளியிட்ட ஒரே ஒரு தனிப்பாடல். கேட்க வந்தவர்கள் குறை சொல்லவில்லை. ஆனால் ஓர் ஆல்பத்தின் எட்டு, பத்துப் புதிய பாடல்களைத் தாங்க அந்த மேடையால் ஆகாது. அங்கே கண் எப்போதும் காதை முந்திக்கொள்கிறது. ரசிகர் பக்கச் செலவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்: டிக்கெட்டோடு விமானமும் விடுதியும் சேரும்போது, நாற்பது ஆண்டு விசுவாசிகளில் வசதி உள்ளவர்கள் மட்டுமே உள்ளே வர முடிகிறது.

பாடல்களை ஒவ்வொன்றாகச் சொட்டுச் சொட்டாக வெளியிடுவது சிலருக்குப் பிடித்த வழி. கன்ஸ் அண்ட் ரோசஸ் 2008க்குப் பிறகு முழு ஆல்பம் எதையும் தரவில்லை. 2021இல் இரண்டு பாடல்கள், 2023இல் இரண்டு, 2025 டிசம்பரில் இரண்டு என்று விட்டுவிட்டு வெளியிட்டுக்கொண்டு, இடையறாமல் பயணம் செய்கிறார்கள். அவற்றில் பல, முந்தைய பதிவுகளில் தங்கிப்போனவற்றைத் தூசி தட்டி எடுத்தவை. செலவு குறைவு, அவசரம் இல்லை, பயணத்துக்கு முன் ஒரு செய்தியும் கிடைக்கும். ஆனால் தனிப்பாடல் ஒரு வாரம் பேசப்பட்டு, அடுத்த வாரம் மறக்கப்படுகிறது. வினைல் தட்டு வாங்கி அட்டையைப் புரட்டிப் பார்க்கும் வயதினர்தான் இக்குழுக்களின் முதன்மை ரசிகர்கள். அவர்களுக்குக் கையில் பிடிக்க ஒரு முழு ஆல்பம் கிடைப்பதில்லை.

தனிப்பாடல் பொருளோடு வந்து அமைந்த ஓர் எடுத்துக்காட்டு நமக்கு அண்மையானது. யூ2 முதன்முறையாக இந்தியாவில், 2019 டிசம்பர் 15 அன்று மும்பையில் வாசிக்க வந்தபோது, அதற்குச் சில வாரங்கள் முன்பு ஏ. ஆர். ரஹ்மானோடு சேர்ந்து ‘அஹிம்சா’ என்ற பாடலை வெளியிட்டார்கள்; அதில் திருக்குறள் ஒலிக்கிறது. ஒரு நிகழ்ச்சிக்காக, ஓர் ஊருக்காக ஒரு பாடல் என்ற அளவில் அது முழுமையான செயல். தனிப்பாடலின் பலம் அத்தகைய இடங்களில்தான். அதே யூ2 2014இல் செய்ததோ நேர்மாறானது: ஆப்பிளோடு ஒப்பந்தம் போட்டு, தங்கள் புதிய ஆல்பத்தைச் சுமார் 50 கோடி ஐடியூன்ஸ் கணக்குகளில் கேட்காமலேயே கொண்டுபோய் வைத்தார்கள். எரிச்சல் எவ்வளவு கிளம்பியது என்றால், அதை நீக்குவதற்கென்றே ஆப்பிள் ஒரு தனிப் பக்கம் திறக்க வேண்டியிருந்தது. பாடகர் போனோ மன்னிப்பும் கேட்டார். எல்லார் வீட்டுத் திண்ணையிலும் அழைக்காமலேயே போய் உட்கார்ந்துகொண்ட விருந்தாளியின் நிலை அந்த ஆல்பத்துக்கு. அதன் பாடல்கள் அவ்வளவு மோசமில்லை என்பதுதான் வருத்தம்.

இனி தி கியூர். 2008க்குப் பிறகு ஆல்பம் இல்லை. 2019இல் வேல்ஸின் ராக்ஃபீல்டு ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவு நடந்தது, அந்த ஆண்டே வந்துவிடும் என்று குழுவின் பாடகர் ராபர்ட் ஸ்மித் சொன்னார், வரவில்லை. அடுத்தடுத்த ஆண்டுகளிலும் வரவில்லை. ரசிகர்கள் நம்புவதை நிறுத்திவிட்ட கட்டத்தில், 2022 அக்டோபர் 6 அன்று லாட்வியத் தலைநகர் ரீகாவில் சுற்றுப்பயணத்தின் முதல் இரவு, இதுவரை யாரும் கேட்டிராத ஒரு பாடலோடு தொடங்கியது. அப்பாடலில் குரல் நுழைவதற்கே மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகும். அரங்கு நிறையக் கூட்டம், வெளியிடப்படாத பாடல், பாடகர் இன்னும் வாயே திறக்கவில்லை. எந்த மேலாளரும் இதைச் செய்யாதே என்றுதான் சொல்லியிருப்பார். பழைய பாடல்கள் நடுவில் வந்தன. முதற்பகுதி மீண்டும் ஒரு புதிய பாடலோடு, பத்து நிமிடத்துக்கும் மேல் நீளும் ஒன்றோடு, முடிந்தது. அதன்பிறகே, கூட்டம் எதிர்பார்த்து வந்த எண்பதுகளின் துள்ளல் பாடல்கள்.

பின்னர் ‘சாங்ஸ் ஆஃப் எ லாஸ்ட் வேர்ல்ட்’ என்று 2024 நவம்பர் 1 அன்று வெளிவந்த ஆல்பத்தின் எட்டுப் பாடல்களில் ஐந்து இப்படி முன்னரே மேடையில் வாசிக்கப்பட்டவை. அதிலும் கவனிக்க வேண்டியது: மேடையில் தொடக்கமாக வைத்த பாடலே ஆல்பத்தின் முதல் பாடல், முதற்பகுதியை முடித்துவைத்த பாடலே ஆல்பத்தின் கடைசிப் பாடல். ஸ்மித் தன் அண்ணனின் மறைவைப் பற்றி எழுதிய பாடலும் பதிவாக வெளிவருவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பிருந்தே மேடையில் பாடப்பட்டு வந்தது. இந்தப் பாடல்கள் கைபேசிப் பதிவுகளாக இணையம் முழுவதும் பரவின. வழக்கமான கணக்குப்படி இது கசிவு, இழப்பு. நடந்தது வேறு: வெளிவந்த வாரம் ஆல்பம் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது, 1992க்குப் பிறகு அக்குழுவுக்கு அங்கே முதலிடம் கிடைத்தது அப்போதுதான்.

ஏன் இது பலித்தது என்பதற்கு நான் காணும் காரணம் எளிமையானது. பழைய குழுவின் புதிய ஆல்பத்தை ரசிகர் வீட்டில் கேட்கும்போது, பழைய ஆல்பம் ஒரு விரல் தட்டும் தொலைவில் இருக்கிறது. இரண்டு பாடல் கேட்டுவிட்டு அங்கே போய்விடுவார். அரங்கில் அப்படிப் போக முடியாது. ஏழு நிமிடம் நின்று கேட்டே ஆக வேண்டும். அந்தப் பாடல் நன்றாக இருந்தால், அது இனி ‘புதிய பாடல்’ அல்ல, அவர் நேரில் கண்ட ஓர் இரவின் பகுதி. ஆல்பம் வரும்போது அவர் அறிமுகமான ஒன்றை வாங்குகிறார். மேலும், பதிவுக் கூடத்தில் ஆண்டுக்கணக்கில் திருத்திக்கொண்டே இருக்கும் பழக்கம் உள்ள குழுவுக்கு மேடை ஒரு நல்ல நீதிபதி. எங்கே கூட்டம் அசையாமல் கேட்கிறது, எங்கே கொறிக்கவும் குடிக்கவும் வெளியே நழுவுகிறது என்பது மூன்றாவது இரவிலேயே தெரிந்துவிடும்.

இதோடு பிரிக்க முடியாதபடி சேர்ந்திருப்பது டிக்கெட் விலை. ரசிகரை அறிமுகமற்ற பாடல்களுக்கு உட்கார வைக்க வேண்டும் என்றால், அவர் ஏமாற்றப்பட்ட உணர்வோடு உள்ளே வரக் கூடாது. 2023 வட அமெரிக்கப் பயணத்துக்கு தி கியூர் தேவைக்கேற்ப ஏறும் விலையை மறுத்து, சில அரங்குகளில் 20 டாலருக்கும் டிக்கெட் வைத்தது. பெரும்பாலான இடங்களில் டிக்கெட்டைக் கைமாற்றவும் தடை போட்டது. விற்பனை தொடங்கியதும் ஒரு ரசிகரின் கட்டணச் சீட்டு இணையத்தில் சுற்றியது: 20 டாலர் டிக்கெட் நான்கு, 80 டாலர்; ஒவ்வொன்றுக்கும் சேவைக் கட்டணம் 11.65, அரங்கக் கட்டணம் 10. மொத்த ஆணைக்கு 5.50, ஆகக் கட்ட வேண்டியது 172.10 டாலர். பாடலைவிடச் சீட்டெழுதுவதற்கு அதிகம்! ஸ்மித் தமக்கு வெறுப்பாக இருக்கிறது என்று ட்விட்டரில் முழுவதும் பெரிய எழுத்துகளில் எழுதித் தள்ளினார். டிக்கெட்டை விற்ற டிக்கெட்மாஸ்டர் நிறுவனம் இறங்கி வந்து, மிகக் குறைந்த விலை டிக்கெட் ஒவ்வொன்றுக்கும் 10 டாலரும் மற்றவை ஒவ்வொன்றுக்கும் 5 டாலரும் திருப்பிக் கொடுத்தது. அந்தப் பயணம் சுமார் 3.75 கோடி டாலர் வசூலித்தது; அக்குழுவின் வரலாற்றிலேயே அதிகம். மறுபக்கம், ஒயாசிஸ் பிரிட்டனில் விற்பனை தொடங்கிய 2024 ஆகஸ்ட் 31 அன்று, 150 பவுண்டு அளவில் எதிர்பார்த்து மணிக்கணக்கில் இணைய வரிசையில் நின்றவர்களுக்கு அதே இடம் 350 பவுண்டுக்கு மேல் காட்டப்பட்டது. அரசின் போட்டி ஒழுங்குமுறை அமைப்பு விசாரிக்கும் அளவுக்குப் போனது. ஒயாசிஸால் அதைத் தாங்க முடிந்ததற்குக் காரணம், அவர்கள் ரசிகரிடம் புதிதாக எதையும் கேட்கும்படி வேண்டவில்லை. புதிய பாடல்களோடு வரும் குழுவுக்கு அந்தத் தாராளம் கிடையாது.

மெட்டாலிகாவிடமிருந்தும் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். 2023 ஏப்ரலில் ஆல்பத்தை வெளியிட்ட இரண்டே வாரத்தில் ஆம்ஸ்டர்டாமில் பயணம் தொடங்கியவர்கள், ஒவ்வொரு நகரத்திலும் இரண்டு இரவுகள் வாசித்தார்கள். முதல் இரவில் வந்த ஒரு பாடல்கூட இரண்டாம் இரவில் வராது. பாடல் வரிசை இரட்டிப்பாவதால் புதியவற்றுக்கு இயல்பாகவே இடம் கிடைக்கிறது. இரு இரவுகளுக்கு நடுவே ஒரு நாள் ஓய்வும் விழுகிறது. ஆனால் இது முப்பது பாடலுக்கு மேல் தயார்நிலையில் வைத்திருக்கக்கூடிய குழுவுக்கே ஆகும்.

ஆகவே நான் ஒரு குழுவுக்கு ஆலோசனை சொல்லும் இடத்தில் இருந்தால், முதல் ஆண்டு இலையுதிர் காலத்தில் நடுத்தர அரங்குகளில், நகரத்துக்கு இரண்டு இரவுகள் வீதம், ஐந்து புதிய பாடல்களோடு ஐரோப்பாவில் தொடங்கச் சொல்வேன். ஸ்டேடியங்களைத் தொட வேண்டாம், அங்கே தெரியாத பாடல் காற்றோடு போய்விடும். அடுத்த ஆண்டு அமெரிக்கா. அதன்பின் ஆல்பம், வினைல் தட்டு வெளியீட்டு நாளிலேயே கடைக்கு வருமாறு அச்சுக்கூடத்தில் பல மாதம் முன்பே இடம் பிடித்துவைத்து. வெளியீட்டு நாளில் ஒரே ஒரு சிறிய அரங்கில் முழு ஆல்பமும், இலவச நேரலையாக. தி கியூர் லண்டனின் டிராக்ஸி அரங்கில் அப்படித்தான் செய்தது, எட்டுப் புதிய பாடல்களையும் வரிசையாக வாசித்துவிட்டு அன்றிரவு மொத்தம் 31 பாடல்களோடு முடித்தது.

முன்நிபந்தனை என்று சொன்னேனே, அதற்கு ஏரோஸ்மித்தைப் பார்க்க வேண்டும். 2023 செப்டம்பரில் விடைபெறும் பயணத்தைத் தொடங்கிய அவர்கள் மூன்றே நிகழ்ச்சிகள் வாசித்திருந்தபோது பாடகர் ஸ்டீவன் டைலரின் குரல்வளையில் காயம் ஏற்பட்டது. 2024 ஆகஸ்டில், குரல் முழுமையாகத் திரும்ப வழியில்லை என்று அறிவித்து, பயணங்களிலிருந்தே ஓய்வு பெற்றுவிட்டார்கள். அதன்பிறகு 2025 நவம்பரில் யங்பிளட் என்ற இளம் பாடகரோடு சேர்ந்து ஐந்து தடங்கள் கொண்ட சிறு தட்டு ஒன்றை வெளியிட முடிந்தது. பதிவுக் கூடத்தில் ஒரு வரியைப் பத்து முறை பாடலாம், இடையில் ஒரு வாரம் ஓய்வெடுக்கலாம். மேடையில் இரண்டு மணி நேரம் தொடர்ந்து பாடியாக வேண்டும். மேடையை முன்னால் வைக்கும் திட்டத்தில் குரலோ கையோ நடுவில் போய்விட்டால், பயணமும் இல்லை, ஆல்பமும் இல்லை, கைபேசிப் பதிவுகள் மட்டுமே மிஞ்சும். தி கியூர் தப்பியது ரீகாவுக்கு மூன்று ஆண்டுகள் முன்பே ராக்ஃபீல்டில் பெரும்பகுதியைப் பதிவுசெய்து வைத்திருந்ததால்தான். எனவே சரியான வரிசை பதிவு, மேடை, திருத்தம், வெளியீடு என்பது. முதல் பயண நாளை அறிவிப்பதற்கு முன், ஒவ்வொரு பாடலின் டிரம்ஸ் தடமும் குரல் தடமும், இறுதி வடிவத்தில் இல்லாவிட்டாலும் வெளியிடத்தக்க தரத்தில், பதிவாகிக் கையிருப்பில் இருக்க வேண்டும். அவை இல்லாத குழு, ஸ்டோன்ஸைப் போல ஒரு கெடு வைத்து ஆல்பத்தை முதலில் முடித்துவிடுவதே மேல்.